டக்கு மாஸ்டர் எண்ணிய கதிர்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் ஜோகூர் மாநிலத்தில் தலையைத் தோளின்மேல் வைத்துக்கொண்டு நடமாடியவர்கள் எல்லாரிலும், அப்படி நடமாட மிகக் குறைந்த தகுதி உடையவர் எங்கள் டக்கு மாஸ்டர்தான். அந்தத் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஒரு துரும்பைக்கூட அசைத்ததில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியதெல்லாம் அக்கம்பக்கத்தில் இருந்த நாங்கள்தான்.

அப்போது நாங்கள் குளுவாங் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சூசைக்கு வண்டிப் பெட்டிகளைக் கோர்த்துவிடும் வேலை. நான் ரப்பர் தோட்டத்துப் பெண். கான்வென்ட் சிஸ்டர்கள் புண்ணியத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்தேன். பக்கத்து வீட்டில் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்த அவருடைய அண்ணன் காலமான பிறகும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். காலி பண்ணச் சொல்லி வந்த கடிதங்களின் இலக்கணத்தை எல்லாம் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார் என்றும், அதோடு கடிதம் வருவது நின்றுவிட்டது என்றும் சொல்வார்கள்.

திருத்துவது அவருக்கு ஒரு வியாதி. பொய் சொல்ல வராதது இன்னொரு வியாதி. "சுகமா மாஸ்டர்?" என்று வழியில் கேட்டால் "சுகம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? "நேத்து முழுக்க வயித்தால போனது. இண்டைக்குப் பரவாயில்லை" என்பார், நடுரோட்டில், நாலு பொம்பிளைகள் நிற்கும்போது. நான் ஆசையாகக் கொடுத்தனுப்பிய கோழிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை, கோழி நல்ல கோழி. குழம்புதான் அதைக் கெடுத்துப் போட்டுது" என்றவர். அந்தக் கோபத்தில் வெகுநாள் அவர் முகத்தில் நான் விழிக்கவில்லை.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடத்தைக் குதிரை லாயம் ஆக்கினான். மற்ற வாத்தியார்கள் மேசை, நாற்காலி, மணி, கடியாரம் என்று கையில் அகப்பட்டதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். நம்ம ஆள் தூக்கி வந்தது ஒரு கைப்பிடி வைத்த கண்ணாடிச் சக்கரம், தகரத்தாள் ஒட்டிய இரண்டு ஜாடிகள், பித்தளைக் குழாய்கள், சுருள் சுருளாகக் கம்பி, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று. அவரே சொந்தமாகச் செய்தவையாம் அந்தக் குழாய்கள். சக்கரத்தைச் சுற்றினால் ஜாடியில் மின்சாரம் ஏறும். குழாயின் நடுவே தலைமயிர் மாதிரி ஒரு கம்பி ஓடும். ஆகாயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குழாய்க்குள் பாய்ந்து போனால் காதில் 'டக்' என்று கேட்கும். கேட்டதும் அவரும் வாய்விட்டு "டக்!" என்பார். ஒரு புளியங்கொட்டையை எடுத்து இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டையில் போடுவார். "டக்... டக்... டக்டக்..." பகலெல்லாம் ஜன்னல் வழியாக இந்த ஜெபம்தான். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

கேட்பவன் காதுக்கு அது எப்படி இருக்கும்? தந்தி அடிப்பது மாதிரிதான் இருக்கும். எங்கள் பயமெல்லாம் அதுதான்.

அந்தக் காலத்துப் பயத்தை இப்போது சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது. அரிசி இல்லை, உப்பு இல்லை, உடுத்தத் துணி இல்லை. பயத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை, அதை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லாரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் பின்வாசல் வழியாக ரப்பர் காட்டுக்குள் ஓடுவார்கள், சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று. ரேடியோ கேட்டதாக ஒரு மனிதரைப் பிடித்தார்கள். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போன பெண்கள் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார்கள். மார்க்கெட் வாசலில் ஒரு கழியின் நுனியில் அவர் தலை இருந்ததாம். அன்றைக்குக் குவார்ட்டர்ஸில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

இந்த லட்சணத்தில் வீடு வீடாக ரேடியோ தேடி வந்தார்கள். மாஸ்டர் வீட்டு வாசலில் ஒரு ஜப்பான் சிப்பாயும் ஒரு மலாய்ப் போலீஸ்காரரும். ரேடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். நாமாக இருந்தால் இல்லை என்று சொல்லிக் கும்பிட்டு அனுப்புவோம். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலாயில் சொன்னார்: "ரேடியோ திடாக். தாப்பி லெபே பாகுஸ் அடா." ரேடியோ இல்லை, ஆனால் அதைவிட நல்லது இருக்கிறதாம்!

அந்தப் போலீஸ்காரர் மாஸ்டரிடம் படித்தவர். அவர் முகம் வெளுத்துப்போனது. "சிக்கு, டியாம் லா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வாயை மூடுங்கள் வாத்தியாரே என்று அர்த்தம். பிறகு சிப்பாயிடம் தன் நெற்றிப் பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டினார். கிறுக்கர்களிடம் ஜப்பான்காரனுக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டு. போய்விட்டார்கள். மாஸ்டருக்கு ஒரே வருத்தம். "நல்ல பெடியன். ஆனா பாரும், ஆசிரியரைப் பாத்து 'டியாம்' எண்டு சொல்லக்கூடாது" என்றார்.

சூசை அன்றைக்கே அவரிடம் போய் நின்றார். "மாஸ்டர், அந்தச் சாமானெல்லாம் பொதைச்சிருங்க. கேட்டா இல்லன்னு சொல்லிருங்க. தலை போயிரும் லா."

"தலைக்குள்ளாலதான் போகுது. இந்த நிமிசம் உம்மட தலைக்குள்ளாலயும் போகுது."

"என்னா போவுது?"

"வானத்தில இருந்து வாற கதிர். உம்மட தலை, என்ர தலை, ஜப்பான் சக்கரவர்த்தியின்ர தலை, எல்லாத்துக்குள்ளாலயும் போகுது. அதுகளுக்கு வித்தியாசம் தெரியாது."

சக்கரவர்த்தியின் பெயரை அவர் அப்படி உரக்கச் சொன்னதும் சூசை ஜன்னலைச் சாத்தினார். "கிரணத்தைச் சொல்றீங்களா?" என்று நான் என் கான்வென்ட் படிப்பைக் காட்டினேன்.

"கிரணம் வடமொழி, பிள்ளை. தமிழில கதிர் இருக்கேக்க கிரணம் எதுக்கு? கதிர் எண்டு சொல்லும். அதில காமாக் கதிரும் இருக்கு."

"காமாவோ சோமாவோ, காமாசோமான்னு எதையாச்சும் பண்ணி எங்களையும் சேத்து மாட்டி விட்டுறாதீங்க" என்று சூசை கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் கதிர் தலைக்குள் போகிறது என்ற சேதி அவருக்குள் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு மத்தியானம் படுக்கும்போது தலையில் ஒரு மங்குச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு படுத்தார். "சட்டி நிப்பாட்டாது, காணும்" என்று வேலிக்கு அப்பாலிருந்து மாஸ்டர் திருத்தினார்.

சில நாள் கழித்து, எங்கள் அடைகோழி முட்டையை விட்டுவிட்டு வேறு எதன்மேலோ உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். பித்தளைக் குழாய்! அதிலிருந்து கம்பி கிளம்பி, வேலி வழியாக, பூசணிக்கொடிக்குள் ஒளிந்து மாஸ்டர் வீட்டு ஜன்னலுக்குப் போனது. ஜப்பான்காரன் கம்பியை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனையில் என் புருஷன் அல்லவா வருவார்!

நான் போட்ட கூச்சலை மாஸ்டர் அமைதியாகக் கேட்டார். பிறகு விளக்கினார். ஒரு குழாயின் சத்தம் இடது காதுக்கு, மற்றதின் சத்தம் வலது காதுக்கு. ஆகாயத்தின் உச்சியில் ஒன்றே ஒன்று அசுர வேகத்தில் வந்து காற்றில் மோதுமாம். மோதியதும் உடைந்து, உடைந்தது மறுபடி மோதி, ஆயிரமாகப் பெருகி மழை மாதிரி ஊர் முழுக்கக் கொட்டுமாம். அப்படிக் கொட்டினால் தூரத் தூர இருக்கும் இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் அடிக்கும். சும்மா தற்செயலாகவும் அடிக்கும், ஆனால் அதைவிட அதிகமாக அடிக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. "கோழிக்கூடு சரியான தூரத்தில இருக்குது, பிள்ளை. வேற இடம் இல்லை" என்றார். அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்தால் எட்டாவது அதிசயம் எங்கள் கோழிக்கூடுதான். நான் திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். கம்பியை அறுக்க வேண்டும் என்று அரிவாளோடு போனேன். அறுக்கவில்லை.

அதற்குப் பலன் ஒரு நாள் காலையில் கிடைத்தது. சிங்கப்பூர் மேல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போடத் தொடங்கியிருந்த சமயம். எல்லாருடைய காதும் வானத்தில் இருந்தது. மாஸ்டர் வீட்டிலிருந்து திடீரென்று ஒரு அலறல்: "வந்திட்டுது! மேல இருந்து வந்திட்டுது! கொட்டுது, கொட்டுது!"

குவார்ட்டர்ஸே பதுங்கு குழிக்குள் பாய்ந்தது. ரயில் யார்டில் யாரோ சங்கு ஊதினார்கள். வாசலில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்கூடச் சாக்கடைக்குள் குதித்தான். விமானம் வரவில்லை. வந்தது காதில் கருவியோடு ஓடிவந்த மாஸ்டர் மட்டும்தான். "ரெண்டு காதிலயும்! ஒரே நேரத்தில!" என்று குழியின் விளிம்பில் நின்று குதித்தார். சாக்கடையிலிருந்து சேறும் சகதியுமாக ஏறி வந்த சிப்பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அந்தக் காதுக் கருவியையும் பார்த்தான்.

மறுநாள் காலை மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். லாரி வந்து நின்றது. ராணுவப் போலீஸ்.

தலைவனாக வந்தவன் குட்டையானவன், இடுப்பில் தொங்கிய வாள் தரையில் இழுபட்டது. நாங்கள் அவனை வாள்காரன் என்றுதான் சொல்வோம். ஒரு சிப்பாய் மாஸ்டர் வீட்டு ஜன்னலிலிருந்து கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். வேலி, பூசணிக்கொடி, எங்கள் முற்றம், கோழிக்கூடு. சூசை என் கையைப் பிடித்தார். மாஸ்டரோடு சேர்த்து எங்கள் மூவரையும் வெயிலில் முட்டி போட வைத்தார்கள். எனக்கு அருள் நிறை மந்திரம்கூடப் பாதியில் மறந்துவிட்டது.

வாள்காரனுக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்திருந்தார். பேச்சுக்குப் பேச்சு 'ஹை, ஹை' என்று குனிவதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆமாஞ்சாமி. தஞ்சாவூர்ப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்து, கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கு எழுதும் கிராணியாக வந்தவர். வீடு நிறையப் பெண்பிள்ளைகள். அவர்களைக் காப்பாற்ற ஜப்பான் பாஷையை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருந்தார்.

"இது என்னா கருவின்னு கேக்குறாருங்க. உண்மையைச் சொல்லிருங்க, ஐயா."

யாரிடம் போய் உண்மையைச் சொல்லச் சொல்கிறார்! அந்தோணியாரே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது கதிர் எண்ணுற கருவி" என்றார் மாஸ்டர்.

"கதிருங்களா?"

"ஓம், கதிர். கதிர் தெரியாதே உமக்கு?"

"கதிரு தெரியாமலா? கதிரு அறுத்த கைங்க இது!" என்று ஆமாஞ்சாமி திரும்பி ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னார். வாள்காரனின் புருவம் ஏறியது. திருப்பி ஏதோ கேட்டான். "எங்க வர்ற கதிருன்னு கேக்குறாரு."

"மேல. உயரம் போகப் போகக் கதிர் கூடும். மலை உச்சியில பாத்தீரெண்டா இஞ்ச இருக்கிறதைவிடப் பல மடங்கு."

"மேட்டு நெல்லு!" என்று ஆமாஞ்சாமி தனக்குள் சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் சொல்வது ஆகாயத்துக் கதிர். அவர் சொல்வது நெற்கதிர்! மாஸ்டர் மட்டும் ஊரோடு ஒத்துக் 'கிரணம்' என்று சொல்லித் தொலைத்திருந்தால் அன்றைக்கே எங்கள் கதை முடிந்திருக்கும். தெய்வமே, இந்த மனுஷன் இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடக்கூடாதே!

"என்னா விளைச்சல்னு கேக்குறாரு."

"ஒண்டு வந்து விழுந்தா ஆயிரமாப் பெருகும்."

"ஹை! மழை வெயிலு தாங்குமான்னு..."

"மழையோ வெயிலோ, இரவோ பகலோ, அது நிக்காது."

"பூச்சி அரிக்காதா?"

மாஸ்டர் குழம்பிப்போய் அவரைப் பார்த்தார். "பூச்சியோ? ஈயத் தகட்டையே துளைச்சுக்கொண்டு வருது. பூச்சி என்ன செய்யும்?"

இதைக் கேட்டு வாள்காரன் அசந்துபோனான். ஊரெல்லாம் அரிசி இல்லை, நெல் போடு நெல் போடு என்று மேலிடத்திலிருந்து அவனுக்குத் தினமும் வசவு. அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் புளியங்கொட்டைச் சிரட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "விதை!" என்று ஆமாஞ்சாமி பரவசப்பட்டார். வாள்காரன் ஒரு புளியங்கொட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்து ரசித்தான்.

மாஸ்டருக்கு அங்கேதான் பொறி தட்டியது. "பொறும், பொறும். நீர் பிழையா விளங்கிப் போட்டீர். இது நெல்லு..."

"ஐயோ மாதாவே!" என்று அலறிக்கொண்டு நான் மாஸ்டர் மேலேயே மயங்கி விழுந்தேன். அதில் பாதிதான் நடிப்பு. சூசை என்னைத் தூக்குகிற சாக்கில் மாஸ்டரின் வாயைப் பொத்தினார். "பகேரோ!" என்று வாள்காரன் உறுமினான். முட்டாளே என்று திட்டு. பெண்பிள்ளை சமாசாரம் என்று நினைத்திருப்பான். நாலு வார்த்தையில் ஆணையிட்டான். ஆமாஞ்சாமி குனிந்து குனிந்து கேட்டுவிட்டு எங்களிடம் சொன்னார்: "குவார்ட்டர்ஸ் பின்னாடி மேட்டுல நெல்லு போடணுமாம். இந்தக் கருவிய வெச்சுத்தான் போடணுமாம். அறுப்புக்கு வருவாராம். கதிரு இல்லன்னா..." அவர் முடிக்கவில்லை. வாள்காரனின் கை வாளின் பிடியில் இருந்தது.

லாரி போனதும் மாஸ்டர் குதித்தார். "நான் சொன்னது ஒண்டு, அவன் சொன்னது வேற ஒண்டு! நாளைக்கே கந்தோருக்குப் போய்த் திருத்திப் போட்டு வாறன்." சூசை மாஸ்டர் வீட்டுக்குள் போய், அவருடைய ஒரே நல்ல கால்சட்டையை எடுத்துவந்து எங்கள் அரிசிப் பானைக்குள் ஒளித்தார். பானைதான் காலியாக இருந்ததே. கால்சட்டை இல்லாமல் ஆபீசுக்குப் போவது மரியாதை இல்லை என்பதால் மாஸ்டர் போகவில்லை.

கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்கள் மேட்டு நெல் விதை கொடுத்து, குச்சியால் குழி குத்திப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸ் முழுவதும் சேர்ந்து காட்டைத் திருத்தினோம். ரப்பர் பால் வெட்டிய கைக்கு நெல் பிடிபடவில்லை. எது புல், எது பயிர் என்று எனக்கே தெரியாது. காட்டுப்பன்றி வேறு. பயிர் ஒரு விரற்கடை உயர்ந்தால் எங்கள் கழுத்து ஒரு விரற்கடை தப்பியது என்று நினைத்துக்கொள்வேன்.

மாஸ்டர் மட்டும் சொர்க்கத்தில் இருந்தார். வயலின் இந்த மூலையில் ஒரு குழாய், அந்த மூலையில் ஒரு குழாய். கம்பியை இனி ஒளிக்க வேண்டியதில்லை. தொடாதே என்று ஜப்பான் எழுத்தில் பலகை, காவலுக்குத் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். ஆகாயத்தைக் கேட்க எந்த ராஜாவும் எந்த வாத்தியாருக்கும் அப்படி வசதி செய்து கொடுத்திருக்க மாட்டான். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து "டக்... டக்..." என்பார். காலுக்குக் கீழே களை மண்டிக் கிடக்கும்.

பயிரைப் பார்வையிட ஆமாஞ்சாமி வந்தார். நாங்கள் தடுப்பதற்கு முன் மாஸ்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். விண்ணிலிருந்து வரும் கதிர் வேறு, நெற்கதிர் வேறு என்று ஆதியோடந்தமாகப் பாடம் நடத்தித் திருத்தியே விட்டார். ஆமாஞ்சாமி கேட்டுக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தார்.

"அப்ப... நெல்லு இல்லீங்களா?"

"இல்லை."

"நான் அவருகிட்ட நெல்லுன்னு சொல்லிப்புட்டேனே, ஐயா! மாத்திச் சொன்னேன்னு தெரிஞ்சா மொதல்ல என் கழுத்துல்ல போவும்? எம் பொண்ணுங்களுக்கு யாருங்க இருக்கா?" என்று அந்த மனிதர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அதுவரை அவரை ஜப்பான்காரனின் வால் என்று நினைத்திருந்த நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாஸ்டர் அவருக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார். "பிழை உம்மட இல்லை" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் களை பிடுங்கக் குனிந்தார். அதற்குப் பிறகு தினமும் குனிந்தார். பயிரையும் சேர்த்துத்தான் பிடுங்கினார், ஆனால் பிடுங்கினார்.

பன்றி தின்றது போக, புல்லுக்கு நடுவே கொஞ்சம் கதிர் பிடித்தது. அறுப்பு நாள் வாள்காரன் வந்தான். கூடவே ஒரு புது ஆள். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டு, படிப்பாளி முகம். ரயில் பாலங்களைப் பார்க்க வந்த இன்ஜினியராம். நாங்கள் கட்டி வைத்த நெற்கட்டை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே குழாய் இருந்த மூலைக்குப் போனார். மண்டியிட்டார். கம்பியின் மேல் விரலை ஓட்டினார். பிறகு ஜாடிக்கு வந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்ணாடிச் சக்கரத்தைச் சுற்றினார். பழகிய கை. தெரிந்தவன் வந்துவிட்டான்!

அவர் எழுந்து மாஸ்டரிடம் இங்கிலீஷில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: இது விண்கதிர் எண்ணும் கருவிதானே?

மாஸ்டரின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குளுவாங்கில் அத்தனை வருஷம் கிறுக்கன் பட்டம் வாங்கிக்கொண்டு இருந்த மனிதர். அவர் சொன்னது புரிந்த ஒரு ஜீவன்கூட மலாயாவில் கிடையாது. இதோ ஒருவன், கேட்காமலே தெரிந்தவன், எதிரில் நிற்கிறான். முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. வாள்காரன், என்ன கேட்டாய் என்று இன்ஜினியரை அதட்டினான். அவனுக்கு ஒரு கை தூரத்தில் ஆமாஞ்சாமி நின்றார். வெளிறிப்போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்சமும் குனியவில்லை.

மாஸ்டர் அவரைப் பார்த்தார். இன்ஜினியரைப் பார்த்தார்.

"நோ, சார்" என்றார். "பாடி. பாடி சாஜா." நெல்தான், நெல் மட்டும்தான்.

இன்ஜினியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார். சூசை பக்கத்தில் ஜெபம் சொல்வது எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. திடீரென்று இன்ஜினியர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். இரண்டு காதிலும் ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டும். அவர் பார்த்ததைப் பார்த்து மாஸ்டரும் அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை, வெறும் வெயில். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

கருவியைக் கழற்றிவிட்டு இன்ஜினியர் வாள்காரனிடம் சுருக்கமாக ஏதோ சொன்னார். வாள்காரன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தபடியே நெற்கட்டை லாரியில் ஏற்றச் சொன்னான். சண்டைக்குப் பித்தளை வேண்டுமாம், குழாய்களையும் எடுக்கச் சொன்னான். சிப்பாய் பிடுங்க வந்தபோது இன்ஜினியர் அவனைத் தடுத்து, தாமே இரண்டையும் கழற்றித் தம்முடைய துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு லாரியில் ஏறினார்.

லாரிச் சத்தம் ஓய்ந்த பிறகு ஆமாஞ்சாமிக்குக் குரல் வந்தது. "பன்னி வெரட்டுற கருவின்னு சொல்லிட்டாருங்க. சத்தம் போட்டுப் பன்னிய வெரட்டுமாம்" என்றார். பிறகு மாஸ்டரின் காலில் விழுந்தார். "எழும்பும், எழும்பும்" என்று மாஸ்டர் பின்வாங்கினார்.

எல்லாரும் போன பிறகும் அவர் அந்தக் குழாய் இருந்த குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன்.

"அவனுக்கு விளங்கினது, பிள்ளை" என்றார். "என்ர சீவியத்தில ஒருத்தனுக்கு விளங்கினது. அவனிட்டப் போய் நெல்லெண்டு சொல்லிப் போட்டன்." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். நானும் அவருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

சண்டை முடிந்தது. ஆமாஞ்சாமி பெண்பிள்ளைகளைக் கரையேற்றினார். மாஸ்டர் யாழ்ப்பாணம் போனார், அங்கேயே காலமானார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். சூசையும் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர் எழுதிக் கொடுக்கும்போது, சூசைக்கு அடுத்து டக்கு மாஸ்டர் என்று எழுதுகிறேன். போன வருஷம் புதிதாக வந்த பங்குச் சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது யாரும்மா? நம்ம வேதக்காரர் மாதிரி தெரியலியே" என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஆளுதான், சாமி" என்றேன்.